குழலுக்குள் குளவி

வேதசிரோமணி காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டபின், மாட்டின செருப்போடேயே ஹாலுக்குள் திரும்பி வருவார். அவர் மனைவி தபீதாள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள். கல்யாணமான புதிதிலேயே சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். சுவரில் ரேடியோவுக்கு மேலே இரண்டு இரும்புக் கொக்கிகளில் படுத்திருக்கும் துப்பாக்கியின் வாய்ப்பக்கமாகப் போய் நிற்பார். நாலாய் மடித்த கைக்குட்டையால் முதலில் தன் உதட்டைத் துடைப்பார், அப்புறம் குழலின் உதட்டை. குதிகாலை லேசாக எக்கி, கீழுதட்டைக் குழலின் விளிம்பில் சாய்வாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு ஊது ஊதுவார். தூரத்தில் எங்கோ ஒரு கப்பல் புறப்படுகிற மாதிரி 'பூம்' என்று ஒரு சத்தம் வரும். கண்ணைத் திறந்து, கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மின்சார வண்டிக்கு நடப்பார்.

பல்லியும் கரப்பானும் உள்ளே குடியேறாமல் இருக்கத்தான் ஊதுவதாக அவர் காரணம் சொல்வார். ஆனால் மேற்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவுக்கே அதுதான் சங்கு. எதிர்வீட்டுச் சாமுண்டீஸ்வரி அந்தச் சத்தம் கேட்டுத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவாள்.

வேதசிரோமணிக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. வழியில் காணாமல் போன சரக்கு மூட்டைகள் ஏன் காணாமல் போயின என்று விளக்கம் எழுதுகிற பிரிவு. நெரிசலில் யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். ஆபீசில் அவர் குரலை முழுசாகக் கேட்டவர்கள் கிடையாது. வீட்டுக்கு வந்து, அந்தத் துப்பாக்கிக்குக் கீழே போட்டிருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் முதுகு நிமிரும், தொண்டை திறக்கும்.

அது ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சண்டையில் பிடித்த துப்பாக்கி என்பது அவர் வாக்கு. தாத்தாவின் தகப்பனார் கம்பெனிப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, கோட்டை மதிலில் ஏறி, எதிரியின் கையிலிருந்தே அதைப் பிடுங்கினாராம். சொல்லச் சொல்ல வருஷத்துக்கு வருஷம் மதில் உயர்ந்துகொண்டே வந்தது. அவர் மைத்துனன் எட்மண்ட் இதில் ஒரு எழுத்தைக்கூட நம்பவில்லை. குரோம்பேட்டையில் குடியிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். வண்டலூர்க் காட்டில் நரி விரட்டுகிறதற்கு யாரோ ஒரு வாட்ச்மேன் வைத்திருந்த தடி அது என்பது அவன் கட்சி. 'நரிவிரட்டி சௌக்கியமா?' என்று அதை விசாரித்துவிட்டுத்தான் அத்தானை விசாரிப்பான்.

சனிக்கிழமைதோறும் துப்பாக்கிக்குக் குளியல். பித்தளைப் பாகங்களுக்குப் புளி, இரும்புத் தகட்டுக்குச் சலித்த செங்கல் தூள். ரசத்துக்கு எடுத்து வைத்த புளியெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்று தபீதாள் புலம்புவாள். ஆனாலும் அந்தத் தெருவில் எந்த வீட்டுக் குத்துவிளக்கும் அப்படிப் பளபளத்ததில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷக் கோடைத் தொடக்கத்தில் பக்கத்துத் தெருவில் சைக்கிள் ஒன்று திருட்டுப் போயிற்று. விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர் வெயிலுக்கு ஒதுங்கி வேதசிரோமணி வீட்டில் காபி குடித்தார். குடிக்கும்போது அண்ணாந்தார். அண்ணாந்தவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். வேதசிரோமணி மதில் ஏறிய கதையை எடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் பாதி மதிலிலேயே அவரை இறக்கிவிட்டார். நிஜமாகவே பழங்காலத்துச் சாமான் என்றால் ஒன்றும் தொந்தரவில்லை, ஆனால் விஷயம் தெரிந்தவர் யாராவது பார்த்துப் பழசுதான் என்று எழுதித் தரவேண்டும். மாதக் கடைசிக்குள் அது வராவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டியது. நல்ல மனுஷர்தான், காபி நன்றாயிருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டேஷன் ஸ்டோர் ரூமை வேதசிரோமணி ஒரு தடவை பார்த்திருக்கிறார். மதுவிலக்கில் பிடித்த சாராயப் பானைகளும், செயின் இல்லாத சைக்கிள்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். தன் துப்பாக்கி அந்தப் பானைகளுக்கு நடுவே சாய்ந்து நிற்பதை நினைத்துப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை எழுந்து வந்து, விளக்கைப் போட்டுச் சுவரைப் பார்த்துவிட்டுப் படுத்தார்.

விஷயம் தெரிந்தவர்களை எங்கே தேடுவது? கடைசியில் அவரே ஒரு யோசனை பண்ணினார். பழங்கால ராணுவத் துப்பாக்கி விற்பனைக்கு இருக்கிறது, அரும்பொருள் சேகரிப்பவர்கள் மட்டும் நேரில் வரவும் என்று இங்கிலீஷ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். விற்கிற எண்ணம் துளிகூட இல்லை. வருகிறவர் பார்த்து அசந்துபோய், பழசுதான் என்று எழுதிக் கொடுத்தபின், மனசு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவதாகத் திட்டம்.

முதலில் வந்தவர் படப்பையிலிருந்து வந்த விவசாயி. அவருக்குத் துப்பாக்கியின் வயசைப் பற்றி அக்கறை இல்லை. வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்குகிறது, இது சுடுமா என்று ஒரே கேள்வி. சுடாது என்றதும், பிறகு எதற்கு இதைச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள் என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் போனார். அடுத்து ஒரு நாடகக் கம்பெனிக்காரர் வந்து, தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறதென்று வைத்துவிட்டார்; அவர்களுடைய கதாநாயகனுக்குத் தோளில் வாயுவாம். மூன்றாவதாக, பல்லாவரத்திலிருந்து கேப்டன் ஐசக் என்ற ரிடையரான பட்டாளத்துக்காரர், அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லியனுப்பினார். வீடு நிறையப் பழைய துப்பாக்கிகள் வைத்திருக்கிற மனுஷர் என்று விசாரித்ததில் தெரிந்தது. வேதசிரோமணி இரண்டு சனிக்கிழமைக் குளியலை ஒரே சனிக்கிழமையில் போட்டார்.

அந்தக் குளியலுக்கு மறுநாள்தான் குளவி வந்தது.

ஜன்னல் வழியாக வந்து, வாயில் ஈரமண் உருண்டையோடு நேராகக் குழலுக்குள் போயிற்று. திரும்பிப் போயிற்று, மறுபடி வந்தது. தபீதாள் முதலில் அதைப் பார்த்தது ஒரு காலைநேரம். வேதசிரோமணி உதட்டைத் துடைத்துக்கொண்டு எக்கிக்கொண்டிருந்தார். அவர் கையை எட்டிப் பிடித்துவிட்டாள்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளைச் சேதி வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மகன் ஜெபசீலனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மருமகள் ஞானஜோதியை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் காட்டியாயிற்று, உபவாச ஜெபம் வைத்தாயிற்று, ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு அத்தையும் ஒவ்வொரு லேகியம் கொடுத்தாயிற்று. இத்தனைக்கும் பிறகு, வீடு முழுக்கச் சுவரும் பரணும் இருக்க, இந்தக் குளவி இந்தக் குழலைத் தேடி வந்திருக்கிறது. தபீதாள் பள்ளிக்கூட டீச்சர், சபையில் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். இதையெல்லாம் நம்பலாமா என்று வேதசிரோமணி மெதுவாகக் கேட்டதற்கு, பாதிரியார் குளவிக்கு விரோதமாக ஒருநாளும் பிரசங்கம் பண்ணினதில்லை என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள்.

கோவளத்துப் பக்கமிருந்து கூடையோடு வரும் மீன்காரி ரேணுகாம்பாள்தான் இந்த விஷயத்தில் கடைசி வார்த்தை. கூடையை வாசலில் இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் குழலுக்குள் பார்த்தாள்.

"வாயை மூடி மண்ணு பூசிக்கினு கீது, டீச்சரம்மா. இனிமே ஒருத்தரும் கை வெக்கப்படாது. புள்ள பொறக்கறவரிக்கும் கூடு கலையப்படாது. கலைச்சா பேஜாராப் பூடும்."

நீளக்கூடு என்றால் ஆண், உருண்டை என்றால் பெண் என்று ஒரு கணக்கு இருந்தது. உள்ளே இருப்பது எது என்று சாமுண்டீஸ்வரிக்கும் ரேணுகாம்பாளுக்கும் நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. மீன் வாங்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஊதுவது நின்றுபோயிற்று. வேதசிரோமணி செருப்போடு உள்ளே வருவார், கைக்குட்டையை எடுப்பார், நினைவு வந்து உள்ளே வைப்பார். அந்தத் தடுமாற்றத்தில் வண்டியைத் தவறவிட்டார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வெளியே நின்றார்கள்.

ஞானஜோதி இதற்கெல்லாம் சிரித்தாள். 'அந்தக் குளவிக்காவது ஒரு வீடு அமைஞ்சுதே, மாமா' என்றாள். அவள் எதையும் பெரிதாகக் கேட்கிறவளும் இல்லை, அழுகிறவளும் இல்லை. ஆனால் சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து திரும்பிய வேதசிரோமணி வாசலிலிருந்து ஒன்றைப் பார்த்தார். ஹாலில் யாருமில்லை. ஞானஜோதி கையில் கரண்டியோடு, குழலின் வாயில் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், அங்கிருந்து இருமிக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் ஐசக் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு தோல் பை. அதற்குள் பூதக்கண்ணாடி, நீளக்கம்பி, கம்பி நுனியில் கட்டின சின்ன பல்பு. வேடிக்கை பார்ப்பதற்கென்றே எட்மண்ட் இரண்டாம் தடவை மோர் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

கேப்டன் துப்பாக்கியைக் கொக்கியிலிருந்து எடுத்து மடியில் கிடத்தினார். கட்டையைத் தடவினார், நல்ல மரம் என்றார். சுத்தியலை முடுக்கிப் பார்த்தார். பக்கத்துத் தகட்டில் பூதக்கண்ணாடியை வைத்தார். வைத்த கண்ணாடியை வெகுநேரம் எடுக்கவில்லை.

"பட்டாளத்துத் துப்பாக்கின்னா இங்கே கிரீடமும் வருஷமும் வெட்டியிருக்கணும்" என்றார். "ஒண்ணையும் காணோமே. எதை வெச்சுத் துடைச்சீங்க?"

வேதசிரோமணி பெருமையோடு செங்கல் தூள் என்றார். சொல்லும்போதே பெருமை பாதியில் நின்றது. இத்தனை வருஷத்துச் சனிக்கிழமைகளில் தாத்தாவின் தகப்பனாரைத் தானே தேய்த்து எடுத்துவிட்டது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. எட்மண்ட் சிரிக்கவில்லை; மோர்த் தம்ளரை வாயில் வைத்துக்கொண்டு சமாளித்தான்.

கேப்டன் ஆறுதல் சொன்னார். வெளியே எழுத்து அழிந்தால் என்ன, உள்ளே பார்த்துவிடலாம். குழலின் உட்புறம் வழவழவென்று இருந்தால் முந்தின காலத்தது, ஸ்ரீரங்கப்பட்டணமாகவும் இருக்கலாம். சுத்தியல் பிந்தின மாதிரிதான், ஆனால் அது பிற்பாடு மாற்றினதாக இருக்கும். உள்ளே வரிவரியாக வெட்டியிருந்தால் பிந்தினது. எதுவானாலும் பார்த்தபின் ஒரு வரி எழுதித் தருகிறேன், பார்க்காமல் எழுத மாட்டேன் என்றார். சொல்லிக்கொண்டே கம்பியை எடுத்துக் குழலின் வாய்க்குக் கொண்டுபோனார்.

தபீதாள் குறுக்கே வந்து நின்றாள். "அதைத் தொடாதீங்க, சார்."

கேப்டன் சட்டென்று பின்வாங்கினார். "லோடு பண்ணியிருக்கா?"

"ஆமா கேப்டன்" என்றான் எட்மண்ட். "அக்காவோட பேரப்பிள்ளையை லோடு பண்ணியிருக்கு."

தபீதாள் விளக்கினாள். கேப்டன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பர்மாவிலும் பாலைவனத்திலும் சுற்றின மனுஷர். துப்பாக்கிக் குழலை அடைத்துக்கொண்டிருக்கிற எத்தனையோ சாமான்களைப் பார்த்திருக்கிறார், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. குளவி பறந்துபோகிறவரை பொறுக்கலாமே என்றார். பறந்தால் போதாது, பிள்ளை பிறக்கிறவரை கூடு கலையக்கூடாது என்றாள் தபீதாள். கேப்டனோ புதன்கிழமை மகள் வீட்டோடு இருப்பதற்குக் குன்னூர் போகிறார். மாதக் கடைசிக்கு வேறு ஆளைத் தேட நேரமில்லை. ஆகவே கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வேதசிரோமணியைப் பார்த்தார்.

"வீட்டுக்கு நீங்கதான் பெரியவர். நீங்க சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை. மண் உதிரும், அவ்வளவுதான்."

வேதசிரோமணி சுவரைப் பார்த்தார். துப்பாக்கி இல்லாமல் இரண்டு கொக்கிகளும் கையேந்தி நிற்கிற மாதிரி இருந்தன. ஸ்டோர் ரூமின் பானைகள் ஞாபகம் வந்தன. அடுப்படி நிலையருகே ஞானஜோதி காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் குழலின் வாயிலேயே இருந்தது.

"வேண்டாம், சார்" என்றார். "அது ஸ்டேஷனுக்கே போகட்டும்."

ஆபீசிலும் கேட்காத, நாற்காலியிலும் கேட்காத ஒரு குரலாக இருந்தது அது. கேப்டன் கம்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். காபியைக் குடித்துவிட்டு, ஞானஜோதிக்கு மட்டும் தனியாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

மாதக் கடைசியன்று துப்பாக்கி ஊர்வலம் நடந்தது. படுக்கவைத்துக் கொண்டுபோனால் கூடு அசையும் என்று தபீதாள் சொல்லிவிட்டதால், வேதசிரோமணி அதை வாய் மேலே பார்க்க நிமிர்த்தி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. லீவு போட்டு வேடிக்கைக்கென்று கூடவந்த எட்மண்ட் குடையை விரித்தான். தன் தலைக்கும் பிடிக்கவில்லை, அத்தான் தலைக்கும் பிடிக்கவில்லை. குழலின் வாய்க்கு நேராகப் பிடித்தான். மார்க்கெட்டில் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"மிலிட்டரி அத்தான், கொஞ்சம் மெல்ல நடங்க" என்றான் எட்மண்ட், தொப்பலாக நனைந்துகொண்டே. "மதில் ஏறும்போதுகூட உங்க பெரிய தாத்தா இவ்வளவு வேகமாப் போயிருக்க மாட்டார்."

ஸ்டேஷனில் ஏட்டு கோதண்டம் மட்டும் இருந்தார். விஷயத்தைக் காதோடு காதாகச் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நம்ம வூட்லயும் மூணு பொண்ணு கீது, சார். குளவி கட்டினப்போ நாங்களும் கலைக்கல. நீ கவலைப்படாத போ. லோடு ஒண்ணும் இல்லியே?"

மூன்று தலைமுறையாக இல்லை என்றார் வேதசிரோமணி. கோதண்டம் பானைகளை ஒதுக்கி, சுவரில் இரண்டு ஆணி அடித்து, ஜன்னல் பக்கமாக வாய் இருக்கும்படி அதை மாட்டினார்.

மறுநாளிலிருந்து வேதசிரோமணி காலையில் ஸ்டேஷன் வழியாகத்தான் மின்சார வண்டிக்குப் போனார். உள்ளே போகமாட்டார். வாசலில் நின்று பார்ப்பார். கோதண்டம் எழுந்து வந்து சேதி சொல்வார். உள்ளே ரீங்காரம் கேட்கிறது என்பார். இன்றைக்குச் சத்தம் கொஞ்சம் கூட என்பார். ஒருநாள், ரெண்டு பறந்து போச்சு சார், ஆனா கூடு அப்படியே கீது, நான் கை வெக்கல என்றார். சாயங்காலம் இந்தச் சேதிகளெல்லாம் தபீதாளுக்குப் போகும், அங்கிருந்து தெருவுக்குப் போகும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஞானஜோதிக்கு நாள் தள்ளியிருப்பது உறுதியாயிற்று. தபீதாள் ஒரு டின் நிறைய அச்சுமுறுக்கு ஸ்டேஷனுக்குக் கொடுத்தனுப்பினாள். கோதண்டம் டின்னை வாங்கிக்கொண்டார். முகத்தில் சந்தோஷத்தைவிடக் கலவரம்தான் அதிகம் தெரிந்தது. அதற்குப்பின் சேதி கேட்கிறவர் அவராகிவிட்டார். மருமகப் பொண்ணு சாப்பிடுதா, வாந்தி நிற்கவில்லையா, டாக்டரம்மா இன்னா சொல்றாங்க, மாடிப்படி ஏறவுடாதீங்க. பெற்ற தகப்பன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான் என்று வேதசிரோமணி வீட்டில் வந்து நெகிழ்ந்தார்.

பெண் குழந்தை பிறந்தது. உருண்டைக் கூடுதான் என்று சாமுண்டீஸ்வரி வெற்றி கொண்டாடினாள். ஞானஸ்நான விருந்துக்குக் கோதண்டத்தையும் அழைத்திருந்தார்கள். அவர் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார். திருப்பதியா என்று தபீதாள் கேட்டாள். இல்லம்மா, இங்கதான் பக்கத்துல என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

அதே சமயத்தில் கேப்டன் ஐசக், பல்லாவரத்து வீட்டை ஒழித்துக்கொடுக்க வந்திருந்தார். அவரே தேடிவந்து வேதசிரோமணியையும் எட்மண்டையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கம்பி நுனியில் பல்பு எரிந்தது. குழலுக்குள் போயிற்று, தடையில்லாமல் அடிவரைக்கும் போயிற்று.

"சுத்தமா இருக்கே" என்றார் கேப்டன். "ஒரு பொட்டு மண் இல்லை. எண்ணெய்கூடப் போட்ட மாதிரி இருக்கு."

குளவிகள் காலி பண்ணும்போது துடைத்துவிட்டுத்தான் போயிருக்கும் என்றார் வேதசிரோமணி. கோதண்டம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் நிமிர்ந்து தொண்டையைச் செருமினார். உள்ளே மூன்று வரி ஓடுகிறது, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அறுபது வருஷமாவது பின்னால் செய்தது என்றார். ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, பட்டாளத்துச் சாமான்தான், அதில் சந்தேகமே இல்லை. அதை அப்படியே எழுதியும் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டருக்கு அது போதும். இப்போதாவது விற்கிறீர்களா என்று கேப்டன் கேட்டதற்கு, விளம்பரம் போன வருஷத்தது, சார் என்று பதில் வந்தது.

திரும்பி வரும்போது வேதசிரோமணி துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தே நடந்தார். இவ்வளவு காலமாகக் காத்திருந்த எட்மண்டுக்கு இது அறுவடை நாள். அவனும் பல்பு வெளிச்சத்தில் குழலுக்குள் வெகுநேரம் பார்த்திருந்தான். ரயில்வே கேட்டில் வண்டி போவதற்காக நின்றார்கள்.

"எனக்கு ஒரு வரியும் தெரியலை, அத்தான்" என்றான் அங்கே. "வழவழன்னுதான் இருந்துது. கேப்டனுக்கு வயசாச்சு, கண்ணுல பூ விழுந்திருக்கு."

வேதசிரோமணி அவனைப் பார்த்தார். துப்பாக்கியை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். ஆனால் மனசாட்சி உள்ள மனுஷர் என்பதால், அடுத்த மாதத்துக்குள் தாத்தாவின் தகப்பனாரைத் தாத்தாவாக மாற்றினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பர்மாவாக மாற்றினார். மதிலை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். துப்பாக்கி வீடு திரும்பிய மறுநாள் காலை அவர் எக்கி ஊதியபோது தொட்டிலில் கிடந்த குழந்தை திடுக்கிட்டு, அழலாமா என்று யோசித்து, தூங்கிப்போயிற்று.

கோதண்டம் ரிடையராகிப் படப்பைப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்ட பிறகுதான் மிச்சம் தெரியவந்தது. எட்மண்ட் ஒருநாள் அந்தப் பக்கம் பாலிசி விஷயமாகப் போனபோது அவரே சொன்னார். துப்பாக்கி வந்த அன்றைக்கே, அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், ஸ்டேஷனுக்கு வருகிற எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வைக்கவேண்டும் என்ற விதிப்படி புதுக் கான்ஸ்டபிள் ஒருவன் குழலுக்குள் கம்பியை விட்டுக் குடைந்து, மண்ணையெல்லாம் தட்டிக் கொட்டி, எண்ணெயும் போட்டு, பழையபடி ஆணியில் மாட்டிவிட்டானாம். மறுநாள் காலை வாசலில் வந்து நின்ற மனுஷர் முகத்தைப் பார்த்துவிட்டு, ரீங்காரம் கேட்கிறது என்று கோதண்டத்தின் வாயில் தானாக வந்துவிட்டது. அன்று சாயங்காலமே பஸ் ஏறி சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய், அந்தப் பொண்ணுக்குப் புள்ள நல்லபடியாப் பொறந்தா மொட்டை போடறேன் என்று நரசிம்மரிடம் வேண்டிக்கொண்டு வந்தாராம்.